அமுக்குவான் வந்துபோன பிறகு: முதல்முறை அகப்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2009இல், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றின் மூன்றாவது மாடியில் எனக்கு அது முதல்முறை வந்தது. இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். விழிப்பு வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போவது கேட்கிறது, கையும் காலும் மட்டும் எனக்குச் சொந்தமில்லாதவைபோலக் கிடக்கின்றன. கால்மாட்டில் ஓர் ஆள் நின்றார். முகம் தெரியவில்லை. பிறகு நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல ஒரு பாரம். கத்தினேன், சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை மணி என்றுதான் அன்று சொல்லியிருப்பேன். ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது என்று இப்போது தெரியும்.

அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தேன். ஆச்சி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அமுக்குவான் பேய் ஐயா. தலையணைக்கு அடியில் இரும்பு வைத்துப் படு" என்றார். எதிர் அறை நண்பர் அது ஜின் என்றார். மேன்ஷன் மேலாளர், அந்த அறையில் முன்பு இருந்தவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, வாடகை குறைக்கச் சொல்வேனோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதன் சரியான பெயர் எனக்கு வேறு வழியில் கிடைத்தது. நான் அப்போது பெருங்குடியில் மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு எழுத வேண்டும். ஓர் இரவு, ஏதோ ஒரு நோயாளியைப் பற்றி ஒரு மருத்துவர் சளைக்காமல் சொல்லிக்கொண்டு போனார்: விழித்த பிறகு அசைய முடியாமை, அறையில் யாரோ இருக்கும் உணர்வு, மார்பில் அழுத்தம், ஸ்லீப் பராலிசிஸ். ஒலிப்பதிவை ஓட்டும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். என் அறையில் நடந்ததை, என்னைப் பார்த்தே இராத ஒருவர், இருமல் சளியைச் சொல்வதைப் போன்ற குரலில் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பயம் அங்கேயே போயிற்று.

தமிழில் தூக்க முடக்கம் என்று எழுதுகிறார்கள். இப்போதுதான் முதல்முறை இதில் அகப்பட்டு, நடு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. பதினைந்து ஆண்டுகளாக இதோடு குடித்தனம் நடத்துபவன்.

முதலில்: வந்தது இதுதானா?

தூங்கப் போகும் வேளையிலோ விழிக்கும் வேளையிலோ வரும். அறை அறையாகவே தெரியும். அறிவு தெளிவாக இருக்கும். உடல் அசையாது, பேச்சு வராது, ஆனால் கண்ணை உருட்ட முடியும். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் தானே விலகும். விலகியதும் கை, கால், பேச்சு எல்லாம் முழுமையாகத் திரும்பிவிடும், எதுவும் மிச்சம் இருக்காது. நடந்தது முழுவதும் நினைவிலும் இருக்கும்.

இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். தூக்கத்தில் அலறி எழுந்து, காலையில் ஒன்றுமே நினைவில்லை என்றால் அது வேறு. நாக்கைக் கடித்திருப்பது, படுக்கையில் சிறுநீர் போயிருப்பது, எழுந்த பிறகும் நெடுநேரம் குழப்பமாக இருப்பது என்றால் வலிப்பாக இருக்கலாம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எழுந்த பிறகும் ஒரு பக்கக் கை அல்லது கால் வலுவிழந்து கிடக்கிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் இந்தக் கட்டுரையை அப்படியே கீழே வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இவை எதுவும் இல்லை, மேலே சொன்னது மட்டும்தான் என்றால், உங்களுக்கு நிறையத் துணை உண்டு. 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 35 ஆய்வுகளில் இருந்த முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பொதுமக்களில் 7.6 சதவீதம் பேர் வாழ்வில் ஒருமுறையாவது இதைச் சந்தித்திருந்தார்கள். மாணவர்களில் 28 சதவீதம். பரீட்சைக்கு முந்தைய இரவுகளை நினைத்தால் இதில் வியப்பில்லை.

அடுத்தது: பூட்டு எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்முறைக்குத் தாவாதீர்கள். அசைய முடியாமல் கிடக்கும்போது கையில் இருக்கப்போவது இந்த அறிவு ஒன்றுதான்.

நம் தூக்கம் ஒரே கட்டையாகக் கிடப்பதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக ஓடுகின்றன. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்று பெயர். கதைபோல நீளும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. கனவில் நாம் ஓடினால் கட்டிலில் கால் ஏன் ஓடுவதில்லை? மூளைத்தண்டு முன்கூட்டியே தண்டுவடத்துக்கு ஆணை அனுப்பி, தசைகளை இயக்கும் நரம்புகளை அடக்கிவைத்துவிடுகிறது. இந்தப் பூட்டு உங்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் ஒவ்வொரு இரவும் பல முறை விழுகிறது. உங்களை அழுத்தியது நோயின் கை என்று நினைத்தீர்கள், அது நீங்கள் கனவில் எழுந்து சுவரில் மோதிக்கொள்ளாமல் காக்கும் கை.

அன்று நடந்த கோளாறு இவ்வளவுதான்: அறிவு விழித்துக்கொண்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை. வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பால்காரர் வந்துவிட்டதுபோல.

கண் மட்டும் ஏன் அசைகிறது என்றால், விழித் தசைகள் இந்தப் பூட்டுக்குள் வருவதில்லை. மூச்சுக்கு முக்கியமான உதரவிதானமும் வருவதில்லை. அதனால்தான் மூச்சு நிற்பதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் தளர்ந்துவிடுவதால், "இப்போது ஆழமாக இழுக்கிறேன்" என்று நாம் முயன்றால் மார்பு விரிந்து கொடுக்காது. இழுத்தும் விரியாத மார்பை மூளை எப்படிப் புரிந்துகொள்ளும்? யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அம்மிக்கல் அங்கிருந்துதான் வருகிறது.

கால்மாட்டு ஆள்? கனவு பாதியும் அறை பாதியுமாக இருக்கும் நேரம் அது. கூடவே, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிப்போட்டதுபோல் கிடக்கிறோம், ஏதோ ஆபத்து என்று அது சொல்கிறது, ஆபத்துக்கு ஓர் உருவம் வேண்டும், கனவு அதைத் தைத்துக் கொடுத்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இத்தகைய அனுபவங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: அறையில் யாரோ இருப்பது, நெஞ்சில் அமர்ந்து அழுத்துவது, மிதப்பதும் உடலைவிட்டு வெளியேறுவதும். மூன்றாவது சிலருக்குச் சுகமாகக்கூட இருக்குமாம். எனக்கு அந்தப் பாக்கியம் ஒரே ஒருமுறைதான் கிடைத்தது, மின்விசிறி பயத்தில் அதையும் அனுபவிக்க முடியவில்லை.

உருவத்துக்குத் துணி எடுப்பது மட்டும் உள்ளூர்க் கடையில். ஜப்பானில் இதைக் கனாஷிபாரி, இரும்பால் கட்டப்பட்ட நிலை, என்கிறார்கள். சீனத்தில் பேய் அழுத்துவது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நெஞ்சில் ஏறும் கிழவி. நமக்கு அமுக்குவான். எங்கள் மேன்ஷனில் ஒரே மாடியில் ஜின்னும் சாத்தானும் அமுக்குவானும் வாடகை கொடுக்காமல் தங்கியிருந்தார்கள்.

வந்திருக்கும் அந்த நேரத்தில்

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, ஒரே மூச்சில் திமிறி எழப் பார்ப்பது. நானும் ஓராண்டு அதைத்தான் செய்தேன். திமிறினால் பூட்டு திறப்பதில்லை. திமிறியும் அசையவில்லை என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போய்ச் சேர்கிறது, பயம் இரட்டிப்பாகிறது, உருவம் இன்னும் பக்கத்தில் வருகிறது. ஆகவே முதல் வேலை, வேலையை நிறுத்துவது. உடலைக் கிடக்க விடுங்கள்.

இரண்டாவது, பெயர் சொல்லுங்கள். மனத்துக்குள் ஒரே வாக்கியம், முன்பே மனப்பாடம் செய்து வைத்தது. என்னுடையது: "இது தூக்க முடக்கம், தானாகப் போகும்." பக்தி உள்ளவர்கள் சாமி பெயரைச் சொன்னாலும் சரி. ஆனால் விரட்டும் தொனியில் சொல்லாதீர்கள். விரட்டினால் எதிரே ஆள் இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும், சண்டை நீளும்.

மூன்றாவது, மூச்சு. ஆழமாக இழுக்கவே முயலாதீர்கள். தானாக ஓடிக்கொண்டிருக்கும் சின்ன மூச்சை அதன் போக்கில் விட்டு, அது வெளியே போவதை மட்டும் கவனியுங்கள். பத்து எண்ணுவதற்குள் பாரம் லேசாகும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது.

கண்ணைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. விழிகளை இடமும் வலமும் உருட்டினால் சீக்கிரம் விலகுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் உருவத்துக்கு மேடை கிடைக்கிறது என்பது என் அனுபவம். உருவம் தெரிந்தால் மூடுங்கள், வெறும் அசைவின்மை மட்டும் என்றால் உருட்டிப் பாருங்கள்.

நான்காவதாக வேண்டுமானால், ஒரு கால் கட்டைவிரல். முழு உடலையும் விட்டுவிட்டு அந்த விரலின் நுனியை மட்டும் மடக்க முயலுங்கள். நாக்கை மேல் அண்ணத்தில் தட்டுவதும் சிலருக்குக் கைகொடுக்கும். இரண்டு மூன்று முயற்சியில் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். விரலோடு மல்யுத்தம் வேண்டாம்.

பாலந்த் ஜலால் என்ற ஆய்வாளர் இதற்கென்றே நான்கு கட்டப் பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறார். நடப்பது ஆபத்தில்லாதது என்று மனத்தில் மறுமதிப்பீடு செய்வது, பயப்பட ஒன்றுமில்லை என்று உணர்ச்சியிலிருந்து தள்ளி நிற்பது, கவனத்தை உள்ளே ஓர் இதமான நினைவின்மேல் குவிப்பது, தசைகளைத் தளரவிட்டு அசைய முயலாமல் இருப்பது. பத்துப் பேரை வைத்துச் செய்த முதற்கட்டச் சோதனையில் நம்பிக்கை தரும் பலன் தெரிந்தது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆனால் காசு செலவில்லை, பக்கவிளைவும் இல்லை. குவிப்பதற்கு எதை நினைப்பது என்று கேட்டால், முகம் உள்ள எதுவும் வேண்டாம் என்பேன். நான் தாமிரபரணியில் காலை நனைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருப்பேன்.

இதையெல்லாம் முதல்முறையாக அந்த நேரத்திலேயே செய்துவிட முடியாது. வாரத்தில் இரண்டு நாள், பகலில், நன்றாக விழித்திருக்கும்போது மல்லாந்து படுத்து, அசையாமல் இருந்து, வாக்கியம், மூச்சு, விரல் என்று ஒத்திகை பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அறை நண்பர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஒத்திகை இருந்தால்தான் இரவில் வாக்கியம் தானாக வரும்.

அந்த அறை நண்பருக்கும் ஒரு வேலை இருக்கிறது. யாராவது தொட்டாலோ பெயர் சொல்லி அழைத்தாலோ பெரும்பாலும் உடனே விலகிவிடும். நீங்கள் முனகுவதாகவோ மூச்சு வேகமாவதாகவோ தெரிந்தால் தோளைத் தொடச் சொல்லி வையுங்கள். தொடாமல் போனாலும் கேடில்லை.

விலகியவுடன்

எழுந்துவிடுங்கள். இது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அசைவு திரும்பிய நிம்மதியில் அப்படியே கண்ணை மூடினால், அதே வாசல் வழியாக மறுபடி உள்ளே விழுவீர்கள். ஒரே இரவில் மூன்று முறை வந்தது என்பவர்களில் அநேகர் இப்படி விழுந்தவர்களே. விளக்கைப் போடுங்கள், முகம் கழுவுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு ஒருக்களித்துப் படுங்கள். செல்போனில் பேய்க் கதைகளைத் தேட வேண்டாம். தேடினால் நிச்சயம் கிடைக்கும்.

இரண்டு வாரக் கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள், எப்படிப் படுத்திருந்தீர்கள், கடைசிக் காபி எப்போது, அன்று மனம் எப்படி இருந்தது, அது வந்ததா. ஒரு நாளைக்கு ஒரு வரி. நான் வைத்த பதினான்கு நாள் கணக்கில் அது நான்கு முறை வந்திருந்தது. நான்கு முறையும் மல்லாந்த படுக்கை. அதில் மூன்று, இரவுப் பணியிலிருந்து பகல் பணிக்கு மாற்றப்பட்ட முதல் மூன்று நாட்களுக்குள். இந்தக் கணக்கைப் பார்த்த அன்றே, என்னைத் தேடி வருவது அறையில் முன்பு இருந்தவர் அல்ல, பணி அட்டவணை என்று தெரிந்துவிட்டது.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். பொதுவாக இதைக் கிளப்பிவிடுபவை இவை: தூக்கக் குறைவு, நேரம் தவறிய தூக்கம், மல்லாந்து படுப்பது, மன உளைச்சல், பழைய அதிர்ச்சிகள். குடும்பத்தில் ஓடுவதும் உண்டு.

தூக்கத்தைச் சரிசெய்வது, சென்னைக் கணக்கில்

மல்லாந்து படுப்பதுதான் எளிதில் மாற்றக்கூடியது. ஒரு பழைய பனியனின் முதுகுப் பக்கத்தில் சிறு பை தைத்து, அதில் ஒரு டென்னிஸ் பந்தைப் போடுங்கள். தெருக் கிரிக்கெட் ஆடும் ஊரில் பந்துக்குப் பஞ்சமில்லை. தூக்கத்தில் மல்லாந்தால் பந்து குத்தும், உடல் தானே திரும்பிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். நான் ஒரு மாதம் போட்டேன்.

அடுத்தது நேரம். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலைப்படுத்துவது சுலபம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம், அதிகம் போனால் ஒரு மணி நேரம் முன்பின். வாரம் முழுவதும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிறன்று பதினொன்று வரை இழுத்துத் தூங்கினால், விட்டுப்போன கனவுத் தூக்கம் கடன்காரனைப்போல மொத்தமாக வந்து நிற்கும். அதிகாலைக்குப் பிறகான நேரம் இயல்பாகவே ரெம் மிகுந்தது. அப்போது அரைகுறையாக விழித்து விழித்துத் தூங்குவது அமுக்குவானுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதற்குச் சமம்.

மதியத் தூக்கம் 20 நிமிடம், மூன்று மணிக்கு முன்பு, சாய்ந்த நாற்காலியில். சித்திரை வைகாசியில் சோறு உண்டவுடன் பாயில் விழுந்து இரண்டு மணி நேரம் தூங்குவது சுகம்தான், எனக்கும் தெரியும். என் நோட்டில் அந்தச் சுகத்துக்கும் விலை எழுதப்பட்டிருக்கிறது.

காபியைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும். இருந்தாலும்: குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி கழிவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணி டிகிரி காபியின் பாதி இரவு பதினொன்றுக்கு உங்களோடுதான் படுக்கிறது. மதுவின் கதை வேறு. முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அது அடக்கும், பின்னிரவில் அடக்கியதெல்லாம் பொங்கும். தூக்கத்துக்காகக் குடிக்கிறேன் என்பவர்கள் இந்தப் பின்னிரவை யோசிக்க வேண்டும்.

வெக்கை, கொசு, மின்தடை மூன்றும் தூக்கத்தை நறுக்குபவை. நறுக்கிய தூக்கத்தில் இது எளிதாக நுழையும். கொசுவலை கட்டுங்கள், படுக்குமுன் குளியுங்கள், முடிந்தால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைத் தவிருங்கள். வாடகை குறைவு என்று அந்த அறைக்குப் போனவன் சொல்கிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவுப் பணி செய்பவர்களுக்குத் தனியாக. வேலை முடிந்து வேனில் திரும்பும்போது, கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் மெரினாவின் வெயில் என் வலது கன்னத்தில் விழும். அழகான வெயில். ஆனால் அந்த வெளிச்சம் உடலின் கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்லிவிடும். கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், உடன் வருபவர்களின் கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். ஜன்னலுக்குக் கனத்த துணி போடுங்கள். விடுமுறை நாளிலும் தூக்க நேரத்தை முழுவதும் தலைகீழாக்காதீர்கள், பாதியாவது பணிநாளோடு ஒட்டியிருக்கட்டும். பணிமுறை சுழல்கிறது என்றால், காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்று முன்னோக்கிச் சுழலும்படி கேட்டுப் பாருங்கள். பின்னோக்கிச் சுழல்வதைவிட அதை உடல் எளிதாகத் தாங்கும். நான் கேட்டபோது எங்கள் மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து, கேட்காமலேயே மாற்றினார்.

வீட்டாரும் தாயத்தும்

தாயத்து கட்டலாமா என்று கேட்கிறார்கள். கட்டுங்கள். இரும்பு வைப்பதும் விபூதி பூசுவதும் தர்காவில் ஓதிக்கொள்வதும் பயத்தைக் குறைத்தால் நல்லதே, பயம் குறைந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் இது குறையும். எனக்கு எதிர்ப்பு இரண்டு இடங்களில்தான். ஒன்று, தலையணைக்கு அடியில் கத்தி வைக்காதீர்கள், அரைத்தூக்கத்தில் கையை அறுத்துக்கொள்வீர்கள். ஆணியோ பழைய சாவியோ வையுங்கள், இரும்பு இரும்புதான். இன்னொன்று, ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு, யார் ஏவினார்கள் என்று சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்பவரிடம் போகாதீர்கள். அமுக்குவான் இரண்டு நிமிடத்தில் போய்விடுவான், சித்தியோடு வந்த பகை போகாது.

தாயத்து கட்டிக்கொண்டே நோட்டும் எழுதுங்கள், ஒருக்களித்தும் படுங்கள். யாருக்குப் புகழ் போகிறது என்பது பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம்.

ஆச்சியிடம் நான் மூளைத்தண்டைப் பற்றி விளக்கப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். அம்மா மட்டும் அன்று சமையலறைக்குள் கூப்பிட்டு, கல்யாணமான புதிதில் தனக்கும் இப்படி வந்ததாகவும், புகுந்த வீட்டில் சொன்னால் பேய் பிடித்திருக்கிறது என்பார்களோ என்று முப்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எப்போது மருத்துவர்?

எப்போதாவது ஒருமுறை வந்துபோனால் தேவையில்லை. வாரந்தோறும் வருகிறது, அல்லது அதற்குப் பயந்தே தூங்காமல் இருக்கிறீர்கள் என்றால் போங்கள். பகலில் அடக்க முடியாத தூக்கம், பஸ்ஸில் நின்றபடியே தூங்குவது, வாய்விட்டுச் சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் துவண்டு போவது ஆகியவை சேர்ந்திருந்தால் கட்டாயம் போங்கள். அது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. பலத்த குறட்டையும் நடுவே மூச்சுத்திணறி எழுவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைத் திடீரென்று தாமாக நிறுத்தக் கூடாது. அடங்கியிருந்த கனவுத் தூக்கம் பொங்கி இதைக் கூட்டிவிடும்.

நரம்பியல் மருத்துவர், தூக்கக் கோளாறுகளைப் பார்க்கும் நுரையீரல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய மூவரில் யாரிடம் தொடங்கினாலும் தவறில்லை. தனியாரிடம் போக வசதியில்லை என்றால், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லி நம்மூரில் கேலி பேசுவார்கள். பேசுபவர்கள் பேசட்டும், அங்கும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். பேயைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்காதீர்கள்.

மருத்துவரிடம் "இரவில் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திரும்ப நேரிடும். நோட்டை நீட்டுங்கள். அமுக்குவான் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், தமிழ்நாட்டில் பயிற்சி பெற்றவருக்கு அது புரியும். தேவைப்பட்டால் தூக்கப் பரிசோதனை எழுதுவார்கள். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் காலிலும் கம்பிகளை ஒட்டி ஓர் இரவு படுக்க வைப்பார்கள், வலி இல்லை. நார்கோலெப்சியைச் சந்தேகித்தால் மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை, சிறிது தூங்கச் சொல்லிப் பார்ப்பார்கள். வேலைநாளில் தூங்கச் சொல்லும் ஒரே இடம்.

இன்னும் வருகிறதா என்று கேட்பீர்கள். வருகிறது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. கடைசியாகப் போன ஐப்பசியில், இரவெல்லாம் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, தரைத்தளத்துக்காரர்களின் சாமான்களை மேலே ஏற்றிவிட்டு மூன்று மணிக்கு மல்லாந்து சாய்ந்தேன். விழித்தபோது கதவோரம் அவர் நின்றுகொண்டிருந்தார். வழக்கமான ஆள்தான். வாக்கியத்தைச் சொன்னேன், மூச்சை எண்ணினேன், ஏழில் விரல் மடங்கியது. எழுந்து மெழுகுவத்தி ஏற்றி, தண்ணீர் குடித்து, படி வரை இறங்கி மழைநீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஏறவில்லை. திரும்பி வந்து வலப்பக்கமாகப் படுத்துக்கொண்டேன்.